கை கட்டப்பட்ட வைத்தியரும் நாமும்

(கிளிநொச்சியில் வாழும் மலையக உறவுகளும் நமது தோட்டக் கிளைப் பிரதிநிதிகளும் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரை)



மலையாளபுரம், பாரதிபுரம், தர்மபுரம் என்று உங்கள் ஊர்ப் பெயர்களைச் சொன்னால், எங்கள் லயங்களில் யாராவது ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ நினைத்துக்கொள்வார்கள். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் நிலமும் கிணறும் கிடைக்கப் பாடுபட்டது காந்தியம் அமைப்பு. அதன் செயலாளர் இராஜசுந்தரம் வவுனியாவில் மருத்துவம் பார்த்த ஒரு வைத்தியர். 1983 ஏப்ரலில் அவரைக் கைது செய்தார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். நம் ஆட்களின் காயத்துக்கு மருந்து போட்டதோடு நிற்காமல், அந்தக் காயம் எதனால் வந்தது என்றும் பார்த்தவர் அவர்.

இன்று வைத்தியர்களைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். அவர்களைத் திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. அவர்களுக்குள் இருக்கும் ஒரு நோவைப் பற்றிப் பேசப்போகிறோம். அது நம்மையும் பாதிக்கிறது.

2009இல் நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் மலையில் வானொலியில் கேட்டதை நீங்கள் பதுங்குகுழிக்குள் இருந்து பார்த்தீர்கள். கிளிநொச்சிக்குப் பொறுப்பாக சத்தியமூர்த்தி, முல்லைத்தீவுக்குப் பொறுப்பாக வரதராஜா, அவர்களோடு சண்முகராஜா உட்பட ஒரு சில அரசாங்க வைத்தியர்கள் கடைசிவரை நின்றார்கள். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஜனவரி முடிவிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் அதன்மேல் மீண்டும் மீண்டும் எறிகணை விழுந்தது. பிறகு புதுமாத்தளனில், பிறகு முள்ளிவாய்க்காலில், பள்ளிக்கூடக் கட்டடத்திலும் மர நிழலிலும் வைத்தியம் பார்த்தார்கள். மயக்க மருந்து, இரத்தம் ஏற்றும் பை, கிருமிகொல்லி மருந்து என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். போதிய அளவு வரவில்லை. சனத்தை வெளியேற விடாமல் புலிகள் மறித்ததையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நோயாளியும் வைத்தியரும் மாட்டிக்கொண்டார்கள்.

பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்களில் காயக்காரரும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுமாக ஏறக்குறைய 14,000 பேர் போனார்கள். கப்பல் வரும் நாளில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது? மருந்து இருந்திருந்தால் இருவருமே பிழைப்பார்கள் என்று தெரிந்தும் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் நிலை. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படித் தூங்குவார்?

போர் முடிந்ததும் அவர்களைத் தடுப்பில் வைத்தார்கள். 2009 ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்கார வைத்தார்கள். செத்தவர்கள் சில நூறு பேர்தான், முன்பு நாங்கள் சொன்ன எண்ணிக்கை கூடிப்போனது என்று சொன்னார்கள். நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. குழு எழுதியது. அந்தக் கூட்டத்தில் வற்புறுத்தலால்தான் அப்படிப் பேசினோம் என்று வரதராஜா பின்னாளில் வெளிநாட்டிலிருந்து சொன்னார். தங்கள் கையால் எண்ணிய பிணங்களைத் தங்கள் வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டிய நிலை. அந்த மேசையில் இருந்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சத்தியமூர்த்தி பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராகவும் பணி செய்தார்.

சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய விடாமல் தடுக்கப்படும்போது வரும் இந்த நோவுக்கு 1984இல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற அமெரிக்கர் ஒரு பெயர் வைத்தார். தாதியர்களைப் பார்த்துத்தான் அதை எழுதினார். நம் பேச்சில் மனச்சாட்சி நோவு என்று சொல்லலாம். இது வேலைக் களைப்பு அல்ல. களைப்பு தூங்கினால் போகும்.

யுத்தம் இல்லாத இடத்திலும் இந்த நோவு வரும். 2022 மார்ச் கடைசியில் மருந்து இல்லாததால் பேராதனை வைத்தியசாலையில் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தினார்கள். கத்தி பிடிக்கத் தெரிந்த கை சும்மா இருந்தது. அந்த நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், காய்ச்சலோடு வந்த ஒரு அக்காவை டிஸ்பென்சர் ஐயா பார்த்தார். பனடோல் கொடுத்து, லீவு எழுதாமல் மலைக்கு அனுப்பினார். அக்கா கொழுந்துக் கூடையோடு விழுந்தார். லயமே டிஸ்பென்சரி வாசலில் திரண்டு ஐயாவைத் திட்டியது. நாங்களும் போய்ச் சத்தம் போட்டோம். அன்று சாயந்தரம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “மாஸ்டர், எனக்குத் தெரியாமலா? கொழுந்து முத்துகிற நேரத்தில் லீவு எழுதாதே என்று காலையில் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். என் சம்பளமும் கம்பெனி, நான் படுக்கிற குவார்ட்டர்சும் கம்பெனி” என்றார். எங்களுக்கு வாய் அடைத்துப்போனது. அவர் செய்தது பிழைதான். ஆனால் அந்தப் பிழையின் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்காமல் அவரை மட்டும் இழுத்தோம்.

1990களில் தொடங்கி சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. மீதி இடங்களில், நோயைப் பார்க்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது கொழுந்தை நிறுக்கிறவர். இந்த முடிச்சை அவிழ்க்காமல் நல்ல டிஸ்பென்சர் வந்தாலும் கெட்டுப்போவார், இல்லையென்றால் ஓடிப்போவார்.

ஆகவே கிளைகளுக்கு மூன்று வேலை சொல்கிறோம்.

ஒன்று, நோய் லீவை முடிவு செய்வது வைத்தியம் பார்ப்பவர் மட்டும்தான், ஆபீஸ் அல்ல என்ற வாசகத்தை அடுத்த பேச்சுவார்த்தையில் எழுத்தில் வாங்க வேண்டும். தோட்டச் சுகாதாரம் முழுவதும் அரசாங்கச் சேவைக்குள் வரவேண்டும் என்ற கோரிக்கையையும் விடக்கூடாது.

இரண்டு, ஆபீஸ் சொல்லுக்கு மறுத்து லீவு எழுதும் டிஸ்பென்சர், தாதி, மருத்துவிச்சி யாராக இருந்தாலும், அவர் நம் அங்கத்தவர் இல்லாவிட்டாலும், அவருக்காகக் கிளை நிற்க வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு அவரிடம் தைரியம் கேட்பது நியாயமில்லை.

மூன்று, ஒவ்வொரு கிளையிலும் ஒரு கொப்பி வையுங்கள். எந்தத் தேதியில் எந்த மருந்து இல்லை, யாரைத் திருப்பி அனுப்பினார்கள், ஆபீசிலிருந்து என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதட்டும். அதற்குத்தானே நாம் பள்ளிக்கூடம் நடத்துகிறோம்?

இந்த மூன்றாவதை வன்னிதான் நமக்குச் சொல்லித் தந்தது. இங்கே எண்ணிக்கை நாலைந்து வைத்தியர்களின் தலையில் மட்டும் இருந்தது. அந்த நாலைந்து பேரைப் பிடித்ததும் எண்ணிக்கையையும் பிடித்துவிட்டார்கள். லயத்துக்கு லயம் கொப்பி இருந்தால் எத்தனை பேரைப் பிடிப்பார்கள்?

கொப்பிகளை வெளியே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது கிளைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.