காவலுக்கு வந்த வேட்டைநாய்: குணமும் நலமும் ஆயுளும்

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



மணிலா சாகுபடி பற்றிப் பேச வேண்டியவன் நாயைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் வியக்கலாம். மோட்டார்க் கொட்டகைக்கும் களத்துக்கும் காவலாகச் சிப்பிப்பாறை, ராஜபாளையம் குட்டிகளை வாங்கி வளர்க்கும் உழவர்கள் நம்மிடையே உண்டு. நல்ல விலை கொடுத்து வாங்கிய நாய் மூன்று, நான்கு வயதிலேயே போய்விட்டது என்று வருந்துவோரும் உண்டு. அப்படிச் சாவதற்கான காரணங்களுள் சில நம் வயலிலும் களத்திலும்தான் இருக்கின்றன. ஆகவே இது உழவியல் ஆசிரியனும் பேச வேண்டிய பொருளே.

முதலில் இனங்களைப் பற்றிச் சில சொற்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. கோவில்பட்டிப் பக்கத்தில் கன்னி, தேனி மாவட்டத்தில் கோம்பை என்று வேறு இனங்களும் நம் மாநிலத்தில் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005 ஜனவரியில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பில் தனி இனங்களாகப் பதிவு பெற்றுள்ளன.

சிப்பிப்பாறை ஒல்லியான உடல், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள் கொண்டது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் வகை. தொலைவில் ஒன்று அசைந்தால் போதும், எழுந்து ஓடிவிடும். பல தலைமுறையாக முயல் துரத்தப் பழக்கிய இரத்தம் அது. ஆகவே அடுத்த வீட்டுக் கோழியைத் துரத்திவிட்டது என்று அதை அடிப்பதில் பொருளில்லை. குட்டியாக வந்த நாள் முதலே ஆட்டுக்குட்டி, கோழி, கன்று இவற்றோடு நம் கண்பார்வையில் பழக்க வேண்டும். வளர்ந்த பின் பழக்குவது கடினம். பொதுவாக இந்நாய்கள் வீட்டில் ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும். வேற்று ஆளை எளிதில் ஏற்பதில்லை. உணவு வைப்பதையும் கூட்டிச் செல்வதையும் வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் செய்தால், நீங்கள் வெளியூர் போகும் நாட்களில் தொல்லை இராது.

பகல் முழுதும் சங்கிலியில் கட்டி, இரவிலும் அவிழ்க்காமல் வைத்திருக்கும் பழக்கம் மிகத் தவறானது. ஓடப் பிறந்த நாயைக் கட்டியே வளர்த்தால் அது குரைத்துக் குரைத்துக் கடிநாயாக மாறும். விடியற்காலையும் மாலையும் அரைமணி நேரமாவது, வேலியடைத்த இடத்தில் ஓடவிடுங்கள். தீபத் திருநாளன்று வெடிச் சத்தத்துக்கு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும் நாய்களும் உண்டு. அன்று மட்டும் உள்ளறையில் அடைத்து வைப்பது நல்லது.

வேலி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் மலைக்காட்டில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீருக்கும் பசும்பயிருக்கும் அவை கீழே இறங்குகின்றன. நாய் கடிக்க வேண்டும் என்பதில்லை. நெடுந்தூரம் துரத்தினாலே மான் அதிர்ச்சியில் செத்துவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான், முயல் வேட்டை குற்றம். "நாய்தான் துரத்தியது, நான் ஏவவில்லை" என்று சொல்லித் தப்பிக்க நினைக்க வேண்டாம். ரமண மகரிஷி விலங்குகளை 'அது' என்னாமல் அவன், அவள் என்றே சொல்வார் என்பர். ஆசிரமத்துக்குள் பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், நாய் ஜாக்கி ஆகியவற்றின் சமாதிகள் அருகருகே இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மானுக்கும் நாய்க்கும் இடம் இருக்கும் ஊர் இது.

ஆயுளுக்கு வருவோம். நன்கு பராமரித்தால் இந்நாய்கள் 10 முதல் 13 ஆண்டு வரை வாழும். அதைக் குறைப்பவற்றுள் நாம் பெரும்பாலும் கவனிக்காதது பூசணம் பிடித்த மல்லாட்டைதான். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அறுவடையில் மழை பிடித்தாலும், சரியாகக் காயாத காயை மூட்டை கட்டினாலும் பருப்பில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு பூசணம் வளரும். அது சுரக்கும் நஞ்சு அஃப்லடாக்சின். விலை போகாத சொத்தைப் பருப்பையும் அதிலிருந்து வந்த புண்ணாக்கையும் "நாய்க்குத்தானே" என்று கூழில் கலந்துவிடுகிறோம். இந்த நஞ்சை மிக எளிதில் தாக்குப்பிடிக்க முடியாத விலங்குகளில் நாயும் ஒன்று. கூழோடு வேகவைத்தாலும் நஞ்சு அழியாது. முதலில் நாய் தீனி மறுக்கும், வாந்தி எடுக்கும். பிறகு கண்ணும் ஈறும் மஞ்சளாகும். சாணம் கறுத்துப் போகும். அந்நிலையில் ஈரல் பெரும்பாலும் கெட்டிருக்கும். ஆகவே காயை ஈரப்பதம் 8 சதத்துக்கு வரும்வரை காயவையுங்கள். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஓசையிட வேண்டும். சொத்தையைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். அது மாட்டுக்கும் வேண்டாம். பால் வழியாக அந்நஞ்சு உங்கள் பிள்ளைகளுக்கே வந்து சேரும்.

அடுத்தது எலி மருந்து. சிங்க் பாஸ்பைடை கருவாட்டுத் தூளோடு கலந்து வரப்பில் திறந்து வைக்கிறார்கள். கருவாட்டு மணம் எலியை மட்டுமா இழுக்கும்? இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வளைக்குள் வைத்து வாயை மூடுங்கள். செத்த எலிகளை அன்றே புதையுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலில் நாயை விடாதீர்கள்.

கேழ்வரகுக் கூழும் சோளக்கஞ்சியும் இந்நாய்களுக்கு நெடுங்காலப் பழக்கம்தான். அத்துடன் முட்டையோ மீனோ மோரோ சேர்த்தால்தான் தசை வலுக்கும். விலா எலும்பு இலேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. அதற்காகக் கொழுக்க வைக்க வேண்டாம். வயிறு நிறையத் தின்றவுடன் ஓடவிடாதீர்கள்; ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சித்திரை வெயிலில் நண்பகலில் நாயை ஓட்டுவது கொல்வதற்குச் சமம். நாய்க்கு மேனியெல்லாம் வியர்ப்பதில்லை, இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தள்ளாடினால் வயிற்றிலும் தொடையிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கருத்தடை அறுவைக்குப் போகும்போது இது வேட்டைநாய் என்று மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள். கொழுப்பில்லாத இவ்வகை உடலிலிருந்து சில மயக்க மருந்துகள் மெதுவாகத்தான் நீங்கும்.

குட்டி வாங்கும்போது, வெள்ளை ராஜபாளையம் என்றால் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது உண்டு. செவிட்டு நாய் காவலுக்கு உதவாது.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் தடுப்பூசி தொடங்க வேண்டும். பார்வோ 1978-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய நோய். இரத்தக் கழிச்சலில் குட்டியை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து மறுபடி, பிறகு ஆண்டுதோறும். உண்ணிக்காய்ச்சல் நம் பகுதியில் சாதாரணம். காதுமடலையும் விரலிடுக்கையும் வாரமொரு முறை பாருங்கள்.

எந்த நாய் கடித்தாலும் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004-இலேயே நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

நாயின் தடுப்பூசி அட்டையை ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள். கடிபட்டவரோடு மருத்துவமனைக்கு ஓடும்போது அதுவும் கையில் இருக்கட்டும். இனி உங்கள் ஐயங்களைக் கேட்கலாம்.