மூன்றாவது நாணயத்தின் நிழலில் இரு ரூபாய்கள்

கட்டுரை வாசிக்கப் பலர் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய நேரத்தைத் தலைமையுரை தின்றுவிடக்கூடாது. ஆகவே நேரே பொருளுக்கு வருகிறேன்.

இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் இடையிலான மாற்று விகித வரலாறு நம் கருத்தரங்கின் பொருள். இதை இரு நாட்டுக் கதையாக எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் வெள்ளி, பிறகு பவுண்டு, அதன்பின் டாலர் என்று எப்போதும் மூன்றாவதாக ஒன்று நடுவில் இருந்திருக்கிறது. ஒரே முளையில் கட்டிய இரண்டு மாடுகள் அருகருகே நின்றால், அதை அவற்றின் நட்பு என்று சொல்லிவிட முடியாது.

1872இல் இலங்கை தன் கணக்கை இந்திய வெள்ளி ரூபாய்க்கு மாற்றிக்கொண்டது. ரூபாயை 100 சதமாகப் பிரித்ததும் அப்போதே. இராமேசுவரத்தில் அதே ரூபாய் 16 அணாவாகவே நீடித்தது. இந்தியா தசமத்துக்கு வர 1957 ஆயிற்று. 1884இல் ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் மூழ்கியபோது அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆர்தர் கார்டன் அரசின் பொறுப்பை அளித்தார். அதே ஆண்டில் காகித நாணயச் சட்டம் வந்து, நோட்டு அச்சிடும் உரிமை அரசிடம் போனது. ஒரு கொழும்பு ரூபாய் ஒரு சென்னை ரூபாய்க்குச் சமம் என்பது அதன்பிறகு கேள்விக்கு இடமற்ற ஏற்பாடாயிற்று.

அந்த ஏற்பாட்டின் விலையையும் பார்க்க வேண்டும். 1870களின் தொடக்கத்தில் ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங் கிடைத்தது. வெள்ளி விலை சரியச் சரிய, 1893க்குள் அது 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. லண்டனில் பவுண்டுக்குத் தேயிலை விற்று, மலையகத்தில் ரூபாயில் கூலி கொடுத்த தோட்டத்துரைக்கு அந்த வீழ்ச்சி லாபம். ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி 1893 ஜூனில் இந்திய நாணயசாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்குக் கதவை மூடின; ஆண்டுகள் சில கழித்து ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நின்றது. 1927இல் ஹில்டன் யங் ஆணையத்தின் வழியில் அது 1 ஷில்லிங் 6 பென்ஸாக உயர்ந்தது. 1 ஷில்லிங் 4 பென்ஸே போதும் என்று புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் மறுப்புக் குறிப்பு எழுதினார். இந்தியாவிலாவது வாதாட ஒருவர் இருந்தார். இலங்கை ரூபாயோ யாரும் கேட்காமலே கூடவே ஏறி இறங்கியது.

1950 ஆகஸ்டில் ஜான் எக்ஸ்டர் தலைமையில் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டதும் கட்டு அவிழ்ந்தது. சமம் மட்டும் நீடித்தது. இரண்டு ரூபாய்களும் தனித்தனியே ஒரே அளவு தங்கத்துக்கு, அதாவது 0.18662 கிராமுக்கு, நிர்ணயிக்கப்பட்டிருந்ததே காரணம். டாலருக்கு இரண்டுமே 4.76. பெயர் ஒன்றானால் மதிப்பும் ஒன்றாகிவிடாது என்பதற்குப் பாகிஸ்தான் அன்றே சாட்சி. 1949இல் பவுண்டோடு சேர்ந்து தன் ரூபாயை இறக்க அது மறுத்தது. 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றானது. அந்த விகிதத்தை ஏற்காத இந்தியாவுடன் சணல் வணிகமே முடங்கிப்போனது.

1966 ஜூன் 6 அன்று டெல்லி தன் ரூபாயை டாலருக்கு 7.50 ஆக இறக்கியது. கொழும்பு அசையவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுச் சமம் ஓர் அறிவிப்பில் போயிற்று. இந்திய ரூபாய் 63 இலங்கைச் சதத்துக்கு இறங்கியது. இன்றைய மாணவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள்! 1967 நவம்பரில் பவுண்டைத் தொடர்ந்து இலங்கையும் 20 விழுக்காடு இறக்கியபோது அது 79 சதமாயிற்று. 1968 மே மாதம் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. தேயிலை ஏற்றுமதிக்கும் அரிசி இறக்குமதிக்கும் பழைய விகிதம். அத்தியாவசியமற்றவை என்று கருதப்பட்ட இறக்குமதிகளுக்கு 44 விழுக்காடு கூடுதல். ஆகவே ஒரே நாளில் இந்திய ரூபாய் ஓரிடத்தில் 79 சதம், இன்னோரிடத்தில் 1 ரூபாய் 14 சதம். அட்டவணையில் ஒற்றை எண்ணை மட்டும் தரும் நூல்களை நான் நம்புவதில்லை.

இதைத் தோட்டத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். 1964 அக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், தாயகம் திரும்பும் குடும்பம் சேமநல நிதி உட்படத் தன் சொத்தை எடுத்துச் செல்லலாம் என்றது; அதற்கு வரம்பு வைத்தாலும் அது 4,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. கையெழுத்தான நாளில் அது 4,000 இந்திய ரூபாய். 1966 ஜூனுக்குப்பின் அதிகாரபூர்வ விகிதப்படி 6,300. 1967 இறுதியில் 5,040. சான்றிதழ் விகிதத்தைப் போட்டால் 3,500தான். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு, அது கேள்விப்பட்டே இராத டாலர் கணக்கில் ஏறி இறங்கியது. பொருளியல் துறையினர் இதை மக்கள் இடம்பெயர்வு ஆய்வாளர்களிடம் விட்டுவிட்டார்கள். அவர்களோ விகிதத்தைத் தொடுவதில்லை. இந்த அரங்கு அந்த இடைவெளியில்தான் வேலை செய்ய வேண்டும்.

1977 நவம்பரில் இலங்கை இரட்டை விகிதத்தைக் கைவிட்டு டாலருக்கு 16 என்று தொடங்கிய பிறகு கதை ஒரே திசையில் போகிறது. நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் கொழும்பு பிடியை விட்டதும், 200 அளவில் இருந்த டாலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐ எட்டியது. அதே ஆண்டு ஜூலையில், வெளிநாட்டு வணிகத்தை இந்திய ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி வழி திறந்தது. டாலரை விலக்கி இரண்டு ரூபாய்களும் நேருக்கு நேர் நின்றால் விலையை யார் சொல்வது, கொழும்பா மும்பையா? பிற்பகல் அமர்வை இந்தக் கேள்விக்கே ஒதுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.