ஞாயிற்றுக்கிழமை ரயில்

1976-இல் எனக்குக் கல்யாணம். மாதுங்காவில் ஒரே அறை. அப்பா, அம்மா, தங்கை, நாங்கள் இருவர். மனம்விட்டுப் பேச இடமேது?

மழைக்காலம் போக, மாதம் ஒரு ஞாயிறு நேரல் போய் மாதேரான் சின்ன ரயிலில் ஏறுவோம். 1907-இல் திறந்த பாதை. தண்டவாள இடைவெளி 2 அடிதான். குறுகலாக இருந்தால்தான் மலை வளைவுகளில் சுலபமாகத் திரும்பலாம். சுமார் 20 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த மந்தகதியே எங்களுக்கு லாபம். வழியில் ஒரே ஒரு சுரங்கம். 'ஒரு முத்தச் சுரங்கம்' என்று பெயர், அவ்வளவு குட்டை. பெரியவர்கள் மன்னிக்கவும்!

மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையை என் மனைவி முதலில் சொன்னது அந்த ரயிலில்தான். ஆத்தில் ஆறு மாதமாக வாயே திறக்கவில்லை.

செம்பூரில் தனி ஃப்ளாட்டில் இருக்கும் இளம் தம்பதிகளே, போன ஞாயிறு நீங்கள் எங்கே போனீர்கள்?