குழி மட்டும்தான் இருந்தது
(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)

 

"சார், சுருக்கமா முடிச்சுடுங்க" என்று செயலாளர் காதோடு சொல்லிவிட்டார். சாப்பாட்டு வாசனை எனக்கும் வருகிறது. ஆகவே ஒரு கடனைப் பற்றி மட்டும் சொல்லி அமர்கிறேன்.

1837-ல் தொடங்கிய நம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. இந்த மரங்களையும் மான்களையும் நாம் மறக்கவில்லை. ஆனால் சுவருக்கு வெளியே இருந்த ஊர், நம்மில் பலருக்கு டீக்கடை வரைக்கும்தானே தெரியும்?

காந்தி நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை என்பது அதன் கணக்கு. நானும் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்று சொன்னால் பொய், சான்றிதழுக்காகத்தான்! முகாமில் மரக்கன்று நட்டோம், போட்டோ எடுத்தோம், வந்துவிட்டோம். யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஊராரிடம் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனேன். குழி மட்டும்தான் இருந்தது.

பிறகு முடிச்சூரில் வீடு கட்டினேன். 2015 டிசம்பர் முதல் தேதி மழை உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்றார்கள். அடையாறு பொங்கி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. என் வீட்டுக் கீழ்த்தளமும் போயிற்று.

வெள்ளம் வடிந்த பிறகு நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பொட்டலம் எதுவும் கையில் இல்லை. "அங்கிள், உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சேறு அள்ளினார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தார்கள். எந்தக் கல்லூரி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நான் கேட்காமல் விட்ட கேள்வியை அவர்கள் கேட்டார்கள். அதுதான் என் கடன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மறுபடியும் தண்ணீர். ஆக, வெள்ளம் வந்தபின் ஓடுவது மட்டும் போதாது. மாணவர்களே, அக்டோபருக்கு முன்பே தெருத்தெருவாகப் போங்கள். தனியாக இருக்கும் முதியவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வகுப்பாரிடம் அந்த நோட்டை ஒப்படையுங்கள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனாலும் பரீட்சை வரை நின்று சொல்லிக் கொடுங்கள். பாதியில் விட்டால் அதுவும் குழிதான்.

பழைய மாணவர்களே, நன்கொடை கொடுக்கிறோம், மகிழ்ச்சி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கொடுப்போமே! முடிச்சூரில் என் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. அந்த நோட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம். காபி என் பொறுப்பு.