ஆடையின் உண்மை விலை



1852-இல் சாமுவேல் பீட்டன் லண்டனில் பெண்களுக்கென ஒரு மாத இதழைத் தொடங்கினார். விலை இரண்டு பென்ஸ். 1860 முதல் அதில் பாரிஸ் உடைகளின் வண்ணப் படங்கள் வந்தன. வெட்டித் தைக்கத் தாள் மாதிரிகளும் கிடைத்தன. நடுத்தரக் குடும்பப் பெண்களும் நாகரிக உடை தைத்து அணிந்தார்கள். நல்லதுதான்!

வீட்டில் தைத்தால் உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியும். கடையில் வாங்கினால்?

1863 ஜூனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையற்பெண் லண்டனில் மாண்டாள். சீமாட்டிகளின் நடன விருந்து உடைகளுக்காக, காற்றோட்டமில்லா அறையில் 26 மணி நேரத்துக்கும் மேலாக ஓய்வின்றித் தைத்தவள் அவள். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன.

அழகாக உடுத்துவோம். அதைத் தைத்த கைகளையும் நினைப்போம்.