குரூப்பிலிருந்து சொல்லாமல் விலகும் தோழர்கள்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் மருத்துவ உதவி, படிப்பு உதவி, விதவைகளுக்கான மாதாந்திர உதவி இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று வாட்ஸ்அப் குரூப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதும் இதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அறக்கட்டளைக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

நம் அலுவலகத்துக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பல, நோயாளி தாமே கொண்டுவந்து கொடுப்பவை அல்ல. கூடப் படித்தவர் ஒருவர் வருவார். "நம்ம செட்டு ஆளுதான். கேட்கக் கூச்சப்படுறான். நீங்களாப் போய்ப் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், வீட்டில் வருமானம் இல்லை, பிள்ளைகளுக்குக்கூட முழு விவரம் சொல்லவில்லை. தெருவுக்கும் ஜமாஅத்துக்கும் தெரியாத கஷ்டம், பள்ளித் தோழர்கள் குரூப்பில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது. இந்தக் குரூப்புகள் நமக்குக் கண்ணாகவும் காதாகவும் இருக்கின்றன. அவை சண்டையில் உடைவதை இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அதனால்தான் பேசுகிறோம்.

இன்று அறுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் பள்ளியில் படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பதினோராம் வகுப்போடு முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. போய், 1978-ல் பிளஸ் டூ வந்த நேரம். 1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதில் வளைகுடாவுக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மார்க் ஷீட் வாங்கிய கையோடு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஒருவர் ரியாத்தில் டிரைவர், ஒருவர் கோலாலம்பூரில் உணவகம், ஒருவர் சென்னை பர்மா பஜாரில் கடை, ஒருவர் அரசு உத்தியோகம், ஒருவர் இங்கேயே வாப்பாவின் கடையில். பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவரை ஒருவர் பார்ப்பது கல்யாண வீட்டிலும் மையவாடியிலும் மட்டும்தான். கூடப் படித்த இந்து, கிறிஸ்தவ நண்பர்களை அங்கேயும் பார்க்க வாய்ப்பில்லை.

பெண்களின் கதை வேறு. அந்தக் காலத்தில் பலர் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு இந்தக் குரூப், நின்றுபோன படிப்பின் மிச்சம் மாதிரி. தட்டச்சு வராது என்று வாய்ஸ் மெசேஜிலேயே பேசிக்கொள்கிறார்கள்.

போன் எல்லோர் கைக்கும் வந்த பின் யாரோ ஒருவர் பழைய வகுப்புப் புகைப்படத்தைப் போட்டு ஒரு குரூப் தொடங்குகிறார். முதல் மாதம் பெருநாள் மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியார் பிரம்பு, இடைவேளையில் வாங்கித் தின்ற தேன்மிட்டாய், மௌத்தான தோழர்களின் பட்டியல், அவர்களுக்கான துஆ. கவனித்துப் பார்த்தால் அந்த ஒரு மாதமும் அவர்கள் பேசிக்கொள்வது பதினாறு வயதுப் பையனோடுதான். எதிரில் இருப்பவர் அறுபது வயது மனிதர், அவருக்கென்று ஒரு கட்சி, ஒரு கொள்கை, ஒரு வலி இருக்கிறது என்பது இரண்டாவது மாதத்தில்தான் தெரிய வருகிறது.

முதல் உரசல் பெரும்பாலும் பட்டப்பெயரில் வரும். திக்கிப் பேசியவருக்கு ஒரு பெயர், குட்டையாக இருந்தவருக்கு ஒரு பெயர். நாற்பது ஆண்டுக்குப் பின் அதே பெயரில் அழைத்தால் பாசம் என்று நினைக்கிறோம். கண்ணில் புரை விழுந்த ஒருவர் பேரனிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். பேரன் அந்தப் பெயரை உரக்க வாசிக்கிறான். அப்பாவுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று வீடே சிரிக்கிறது. சூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆம் வசனம் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அது இறங்கிய பின்னணியாக ஹதீஸ் நூல்களில் வரும் செய்தி ஒன்று உண்டு. மதீனாவில் பனூ ஸலமா குடும்பத்தாரில் ஆளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அப்படி ஒரு பெயரால் அழைத்தபோது, அந்தப் பெயர் அவருக்குக் கோபமூட்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக அந்தச் செய்தியில் இல்லை. நம் குரூப்புகளிலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை.

அடுத்தது பிறை. ரமளான் கடைசி வாரத்தில் நம் குரூப்புகளைப் பார்க்க வேண்டும்! தலைமை காஜியின் அறிவிப்பை எடுப்பவர், சவூதி அறிவிப்பைப் பின்பற்றுபவர், கணக்கை வைத்து முன்கூட்டியே நாளைச் சொல்பவர் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரே ஊரில் இரண்டு நாள், சில ஆண்டுகளில் மூன்று நாள் பெருநாள் நடக்கிறது. எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நாங்கள் உலமாக்கள் அல்ல. ஆனால் பனூ குறைழா சம்பவத்தை உலமாக்களே நமக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்துதான் அஸர் தொழ வேண்டும் என்ற கட்டளையை, நேரம் போய்விடுமே என்று வழியில் தொழுதவர்கள் ஒரு விதமாகவும், போய்ச் சேரும்வரை தாமதித்தவர்கள் வேறு விதமாகவும் விளங்கிக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் இரு சாராரில் எவரையும் கண்டிக்கவில்லை என்று புகாரியில் வருகிறது. அவர்கள் தொழுத பின் மீண்டும் ஒரே படையாகத்தான் நின்றார்கள்.

குரூப்பில் அது நடப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் கடிகாரம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். கோலாலம்பூர்க்காரர் சுபுஹுக்குப் பின் ஒரு வார்த்தை சொல்கிறார். ஊர்க்காரர்கள் மதியத்துக்குள் சண்டை போட்டு, சமாதானமாகி, சாப்பிடப் போய்விடுகிறார்கள். ரியாத்காரர் வேலை முடிந்து அறைக்கு வந்து இருநூறு செய்திகளை மேலிருந்து படிக்கிறார், முதல் செய்திக்குச் சூடாகப் பதில் எழுதுகிறார். ஆறிய புண் மறுபடி திறக்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசினால் முகத்தைப் பார்த்தே நாக்கை அடக்கிக்கொள்வோம். இதில் முகம் இல்லை.

இனிச் சொல்லப்போவது கனமானது. 2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸை வைத்து, கொரோனாவே முஸ்லிம்களால் பரவியது என்ற பேச்சு நாடெங்கும் கிளம்பியது. மாற்று மத நண்பர்களோடு சேர்ந்து இருந்த பல குரூப்புகள் அந்தச் சில வாரங்களில் இரண்டாகப் போயின. மும்பையில் விசாரணைக் கைதி ஒருவர் போலீஸ் வேனில் காவலர் மீது துப்பிய, அதற்கு முந்தைய காட்சி ஒன்று தப்லீக்காரர் செய்ததாகச் சுற்றியது. அதே ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, தப்லீக் வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே குறிப்பிட்டது. ஆனால் வீடியோ போன வேகத்தில் தீர்ப்பு போகவில்லை. அந்த ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் நிறுவனம், பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு வைத்தது. அதற்கு முன்பே, 2018-ல், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட பின்தான் இந்தியாவில் ஐந்து சாட் என்ற வரம்பு வந்தது. ஒரு ஃபார்வர்டின் விலை சில இடங்களில் உயிர்.

நமக்குத் தெரிந்த ஒரு செட்டில் அந்தத் துப்பும் வீடியோவைப் போட்டவர் மாற்று மத நண்பர். பதிலுக்கு நம்மவர் ஒருவர் இன்னொரு ஃபார்வர்டை எடுத்துப் போட்டார், அதுவும் பொய். மூன்றாமவர் ஒருவர் இரண்டுக்கும் பதில் எழுதவில்லை. வீடியோ போட்டவருக்குப் போன் செய்து, "என்னை நினைச்சாடா இதைப் போட்டே?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லையாம். மறுநாள் வீடியோ நீக்கப்பட்டது. பின்னர் கொரோனாவில் இறந்தவர்களின் உடலை, மதம் பாராமல், நம் சமுதாய இளைஞர்கள் பல ஊர்களில் எடுத்து அடக்கம் செய்தபோது, அதே நண்பர்தான் அந்தச் செய்தியைக் குரூப்பில் போட்டார். எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. பிரிந்த செட்டுகள் இன்றும் பிரிந்தே இருக்கின்றன.

நம் பக்கமும் சுத்தமில்லை. ரமளான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராம் என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி வருகிறதே, ஆதாரமற்றது என்று உலமாக்கள் சொல்லியும் நிற்கவில்லை. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்ற கருத்துள்ள ஹதீஸை முஸ்லிமில் ஓதியவர்களே இதை அனுப்புகிறார்கள்.

சரி, சண்டை போடுபவர்களைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர்கள் நாளைக்குச் சண்டை போடுவதற்காகவாவது குரூப்பில் இருப்பார்கள். நம் கவலை, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போகிறவர் மேல்தான். முன்பெல்லாம் ஒருவர் வெளியேறினால் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும், யாராவது பின்னாலேயே போய்க் கூட்டி வருவார்கள். 2022-க்குப் பின் விலகும் அறிவிப்பு அட்மினுக்கு மட்டுமே போகிறது. சுற்றுலாப் படங்களும், புது வீட்டுப் படங்களும், அரசியல் சண்டையும் ஓடும் இடத்தில், மருந்துக்குக் காசில்லாதவர் என்ன பேசுவார்? பேசாமல் இருந்து, ஒருநாள் பேசாமலே விலகிவிடுகிறார். நமக்கு அவருடைய செய்தி வரும் வழி அன்றோடு அடைபட்டுவிடுகிறது.

பணம் திரட்டும் முறையும் விலகலுக்குக் காரணம். தோழருக்கு ஆபரேஷன் என்றால் அரை நாளில் பணம் சேர்க்கிறார்கள், மாஷா அல்லாஹ். ஆனால் யார் எவ்வளவு என்று பட்டியல் போடுகிறார்கள். ஐந்நூறு கொடுத்தவர் பெயர் ஐம்பதாயிரம் கொடுத்தவர் பெயருக்குக் கீழே நிற்கிறது. ஒன்றும் கொடுக்க முடியாதவர் அந்தப் பட்டியலை எப்படிப் பார்ப்பார்? உதவி பெற்றவரின் படுக்கைப் படத்தையும் போடுகிறார்கள். அவருடைய சம்பந்தி வீட்டாருக்கும் அது போய்ச் சேர்கிறது. இரண்டையும் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கணக்கை, கொடுத்தவர் கேட்டால் தனியாகக் காட்டலாம். ஜகாத் பணம் என்றால் அதைத் தனியாக வைத்து, பெறுபவர் அதற்குத் தகுதியானவரா என்று ஆலிம்களிடம் கேட்டே கொடுக்க வேண்டும். மாற்று மதத் தோழருக்கு ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று: வசூல் தொடங்கும் முன் அவரிடம் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது அது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. அட்டை எடுக்க நம் அலுவலகத்தில் உதவுகிறோம். திரட்டிய பணம் அவருடைய வீட்டுச் செலவுக்கு மிஞ்சும்.

கல்யாண அழைப்பைப் பற்றியும் சகோதரிகள் சொல்லச் சொன்னார்கள். குரூப்பில் பத்திரிகையைப் போட்டுவிட்டால் அழைத்ததாகாது. வசதியுள்ளவர் வந்துவிடுவார். இல்லாதவர், தன்னை நேரில் அழைக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். ஒரு போன் போடுங்கள்.

அட்மினாக இருக்கும் சகோதரர்களுக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கை ஒன்றே. யாராவது விலகினால், காரணம் எதுவாக இருந்தாலும், மூன்று நாளைக்குள் அவருக்குப் போன் செய்யுங்கள். மூன்று நாள் என்று நாங்களாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்றும், இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. குரூப்புக்குத் திரும்ப வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேளுங்கள். பதிலில் ஏதாவது நெருடினால் எங்களிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது. நேரில் போய்ப் பார்ப்பது நம் பொறுப்பு.

அடுத்த மாதம் முதல் வெள்ளி அஸருக்குப் பின் அலுவலகத்தில் அட்மின்கள் மட்டும் கூடுகிறோம். ஆண்கள் செட்டு, பெண்கள் செட்டு, மாற்று மத நண்பர்கள் நடத்தும் செட்டு எல்லோரும் வரலாம். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. வரும்போது, உங்கள் வகுப்புப் புகைப்படத்தில் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாதவர்களின் பெயரைக் குறித்து எடுத்து வாருங்கள். தேடத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.