மறைவில் நோன்பு, மறைவில் உணவு

(தவக்காலத்தின் ஐந்தாம் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட நாளில் நாம் கேட்ட நற்செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். மத்தேயு ஆறாம் அதிகாரம். தர்மம் செய்தாலும், இறைவேண்டல் செய்தாலும், நோன்பு இருந்தாலும் ஊரறியச் செய்ய வேண்டாம். மறைவில் செய்யுங்கள், அங்கேயும் தந்தை பார்க்கிறார் என்கிறார் இயேசு. அந்தப் பகுதியை எத்தனையோ ஆண்டுகள் பீடத்தில் நின்று வாசித்து விளக்கியிருக்கிறேன். ஆனால் அன்பர்களே, நான் மறைவில் செய்தது நோன்பு அல்ல. நான் மறைவில் சாப்பிட்டேன்.

இன்று அதைப்பற்றித்தான் பேசப்போகிறேன். என் எடை 138 கிலோ. உயரம் ஐந்தரை அடி. சர்க்கரை நோய் இருக்கிறது. இரவில் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது. அதற்காக முகத்தில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். நற்கருணைப் பேழையின் முன் முழங்கால் படியிட முடியாமல் தலைவணங்கிவிட்டு நகர்கிறேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் மருத்துவமனையில் சேர்கிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை.

இந்தச் செய்தி ஊருக்குள் பரவியதும் பலர் செபிப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி. வேறு சிலர் பேசியதும் என் காதில் விழுந்தது. "வாயைக் கட்ட முடியாதவருக்கு வயித்தை வெட்டுறாங்களாம்" என்றார் ஒருவர். இது எனக்குப் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன், நோன்பைப்பற்றி நன்றாகப் பிரசங்கம் வைத்துவிட்ட நிறைவோடு சக்கிறிஸ்துக்குள் திருவுடையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே இரண்டு பேர். "நோன்பைப்பத்தி யாரு பேசுறதுன்னு இல்லியா? வயித்தைப் பாரு." அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அன்று இரவு நான் என்ன செய்தேன் தெரியுமா? வைராக்கியம் வந்து பட்டினி கிடந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. சமையல்காரம்மா வைத்துவிட்டுப் போன இரவு உணவைச் சாப்பிட்டேன். பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு வீட்டு மந்திரிப்பில் கொடுத்தனுப்பிய இனிப்புப் பெட்டியைத் திறந்தேன். பெட்டி காலியாகும்வரை எழவில்லை. ருசித்துச் சாப்பிட்டேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். காலிப் பெட்டியைக் குப்பைக் கூடையின் அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். காலையில் கூடையைக் கொட்ட வரும் அம்மா பார்த்துவிடக் கூடாதல்லவா?

அன்பர்களே, வெட்கம் பசியை அடக்கும் என்று நாம் நினைக்கிறோம். நாலு வார்த்தை உறைக்கிற மாதிரிச் சொன்னால் திருந்திவிடுவார் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் வெட்கம் பசியை வளர்க்கத்தான் செய்தது. பகலில் சிரித்தார்கள், இரவில் சாப்பிட்டேன். சாப்பிட்டதால் பெருத்தேன், பெருத்ததால் மறுபடியும் சிரித்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிரிக்கிற அதே கைகள்தான் பரிமாறவும் செய்கின்றன. அன்பியக் கூட்டம் என்றால் ஒரு தட்டு. மந்திரிப்பு என்றால் ஒரு இலை. அசனம் என்றால் சாமிக்குத் தனியாக ஒரு வாளி. "வேண்டாம்மா" என்றால், "எங்க வீட்டுச் சாப்பாடு சாமிக்குப் பிடிக்கலியோ" என்று முகம் வாடிவிடும். அந்த முகவாட்டத்தைத் தாங்க முடியாமல் ஒரே மாலையில் மூன்று வீடுகளில் சாப்பிட்ட நாள்கள் உண்டு. நம் ஊரில் "சாப்பிட்டீங்களா" என்பது அன்பின் மொழி. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது வீட்டை விட்டு இறங்கும்போதே, "சாமி ஒரு சுத்து பெருத்துட்டாரு" என்ற பேச்சும் பின்னால் வந்துவிடும்.

மற்றவர்கள் தீர்ப்பிட்டதைச் சொல்லும்போது, நான் தீர்ப்பிட்டதையும் சொல்லியாக வேண்டும். பங்கில் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் நான் மிகவும் கடுமையாக நடந்தவன். "கொஞ்சம் மன உறுதி இருந்தா விட முடியாதா? பிள்ளைகளை நினைச்சுப் பாத்தா கை கிளாஸுக்குப் போகுமா?" என்று மனைவி மக்கள் முன்னாலேயே திட்டியிருக்கிறேன். அப்படி நான் திட்டியவர்களில் ஒருவர், குடியை விட்டுப் பல வருடம் ஆனவர், சென்ற ஆண்டு ஒருநாள் பங்கு இல்லத்துக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடத்தப் பங்கு மண்டபத்தைக் கேட்டு வந்தார். பேச்சுவாக்கில் என் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "சாமி, ராத்திரியில தனியாச் சாப்பிடுவீங்களோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிண்ணே தெரியும்?" என்றேன். "பாட்டிலை நான் ஒளிச்ச மாதிரி நீங்க பொட்டலத்தை ஒளிப்பீங்க. இது எங்களுக்குத் தெரியாதா?" என்றவர், அடுத்து ஒன்று சொன்னார். "எங்க பாடு பரவாயில்ல சாமி. சாராயத்தை ஒரேயடியா விட்டுட்டு அந்தப் பக்கமே போகாம இருக்கலாம். நீங்க சோத்தை அப்படி விட முடியாதே. தினம் மூணு வேளை அதோட முகத்துலதான முழிக்கணும்." பல ஆண்டுகளில் என் வயிற்றைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். நான் கடுமையாகத் திட்டியவர்!

பிறகுதான் எனக்குப் புனித அகுஸ்தினாரின் நினைவு வந்தது. ஆயரான பிறகு அவர் எழுதிய 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் தம் சாப்பாட்டுப் போராட்டத்தை மறைக்காமல் சொல்கிறார். மருந்தை எடுத்துக்கொள்வதுபோல உணவை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாராம். ஆனால் உடலுக்குத் தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடவில்லையாம். மற்ற சிற்றின்பத்தை ஒருமுறை முடிவெடுத்து வெட்டிவிட்டதுபோல இதை வெட்ட முடியவில்லை என்கிறார். குருமடத்தில் படித்தபோது தேர்வுக்காக அதை வாசித்தேன். அந்த அண்ணன் பேசிவிட்டுப் போன அன்று எனக்காக வாசித்தேன்.

பெருந்தீனி தலையான பாவங்களில் ஒன்று என்று திருச்சபை கற்பிக்கிறது. அதை நான் மழுப்பவில்லை. ஆனால் எதைப் பெருந்தீனி என்கிறோம்? திருத்தந்தை பெரிய கிரகோரி அதற்கு ஐந்து வழிகள் சொன்னார்: நேரத்துக்கு முன்பே சாப்பிடுவது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவம் நொட்டை சொல்வது, அளவுக்கு மீறுவது, ஆவலாதியாகச் சாப்பிடுவது. இந்த ஐந்தில் அளவு ஒன்று மட்டுமே. ஒல்லியாக இருப்பவரும் இதில் எதிலும் விழலாம். புனித தாமஸ் அக்குவினாஸும் முறைகேடான ஆசையைத்தான் பெருந்தீனி என்றார். அவரும் பருத்த உடம்புக்காரர் என்றும், கூடப் படித்தவர்கள் அவரை ஊமை எருது என்று கேலி செய்தார்கள் என்றும் சொல்வார்கள். பாவத்தைத் தராசில் நிறுக்க முடியாது, அன்பர்களே.

மருத்துவர்களும் எனக்குச் சிலவற்றைக் கற்றுத் தந்தார்கள். வயிற்றின் மேல்பகுதியில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1999-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுவது அது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் அதன் அளவு கூடுகிறது. இழந்ததைத் திரும்பத் தா என்று உடம்பு கேட்கிறது. ஒரு தவக்காலத்தில் நான் 12 கிலோ குறைத்தேன். அடுத்த தவக்காலம் வருவதற்குள் 15 கிலோ ஏறிவிட்டது. அவசரமாக, வலிக்கும்வரை, வெட்கத்தால் தனியாக, கட்டுப்பாடு இழந்து அடிக்கடி சாப்பிடுவதை 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் பட்டியலில் தனி நோயாகவே சேர்த்தது. அந்தப் பட்டியலை மருத்துவர் வாசிக்க வாசிக்க, என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது.

அறுவைச் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய்போல இருக்கும். கிரெலின் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். இது குறுக்கு வழி என்கிறார்கள். உயிருக்கு ஆபத்து மிகக் குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை, இரத்தப் பரிசோதனை. பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். "ஃபாதர், நாங்க வயித்தைத்தான் சின்னதாக்குவோம். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டுல நீங்க தனியா இருக்கிறதை எங்களால சரிபண்ண முடியாது" என்றார் மனநல ஆலோசகர்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது உடனே தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்றே, 'இனிமேல் கிடைக்காதே' என்று மனம் சொன்னது. நான்கு இரவுகள் தொடர்ந்து பரோட்டா வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டேன். தவக்காலத்தில்! ஐந்தாம் நாள் அந்த அண்ணனுக்குப் போன் செய்தேன். வந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என்னோடு உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டார். நானும் இரண்டு தோசை சாப்பிட்டேன். பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பத்து மணிக்குப் போனார். அன்று நான் கதவைத் தாழிடவில்லை.

லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு செய்தி வருகிறது. யோவான் நோன்பிருந்தார், அவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். இயேசு விருந்துகளில் அமர்ந்து உண்டார். அவரைப் பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்றார்கள். சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். தட்டைப் பார்த்துத் தீர்ப்பிடும் கண்ணுக்கு எதுவுமே சரியாகத் தெரியாது. அந்தப் பட்டத்துக்குப் பயந்து இயேசு பாவிகளின் பந்தியிலிருந்து எழுந்து போய்விடவில்லை. அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டே எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். நான் மறைவில் சாப்பிட்ட இரவுகளில், தந்தை பார்க்கிறார் என்பதை எனக்கு எதிரான சாட்சியாகவே நினைத்தேன். மறைவில் பார்க்கிறவர் என்னோடு உட்கார்ந்திருந்தார் என்று இப்போது நம்புகிறேன்.

இந்தத் தவக்காலத்தின் மீதி நாள்களுக்கு உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். ஒன்று, நாவுக்கு ஒரு நோன்பு. அடுத்தவர் உடம்பைப்பற்றி எதுவும் பேசாதிருங்கள். கேலியாகவும் வேண்டாம், அக்கறையாகவும் வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை கண்ணாடியைத் தவிர்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு பையன் விளையாட்டு மைதானத்துக்குப் போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டு, நீங்களும் மறைவில் போராடுகிறவராக இருந்தால், சாப்பாடானாலும் குடியானாலும் கைப்பேசியானாலும், ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் தேவைப்பட்டால் தயங்காமல் போங்கள்.

குருத்து ஞாயிறு தொடங்கி அறுவைச் சிகிச்சைவரை எனக்குத் திரவ உணவு மட்டும்தான், கல்லீரல் சுருங்குவதற்காக. ஆகவே உயிர்ப்பு ஞாயிறன்று வழக்கம்போல உங்கள் வீடுகளுக்கு வருவேன், ஆனால் பிரியாணி சாப்பிட மாட்டேன். முகம் வாடாதீர்கள். ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். எனக்குப் பசித்தது பெரும்பாலும் அதற்குத்தான்.

செபிப்போம். பந்தியில் பாவிகளோடு அமர்ந்த ஆண்டவரே, மறைவில் அழுகிறவர்களையும் மறைவில் உண்கிறவர்களையும் நீர் அறிவீர். எங்கள் பசியைக் குணமாக்கும். எங்கள் நாவைக் காவல் செய்யும். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் எல்லாரையும், எங்களைத் தொடும் மருத்துவர்களின் கைகளையும் ஆசீர்வதியும். ஆமென்.